ஏரிக்கு எதுகையான சொல்

நலம் பெருகுக, நிலம் குளிர்க. ஏழாறு பாயும் தண்புனல் நாடும் அதன் துறைகளும் காவும் உடைய கோ நெடுந்தேர் அடலரசர், ஆட்சியாண்டு பதினாறாவதில், கார் கழிந்து கூதிர் புகும் நாளில், ஆழிமங்கலத்து அரண்மனை முன்றிலில் வீற்றிருந்து சொல்லச் சொல்ல எழுதப்பட்ட திருமுகம் இது. பொறைநாடுடைய வேள் அத்தியூரர் காண்க. உம் குன்றுகளில் தினை முற்றுக, சுனைகள் வற்றாதிருக்க, உம் ஆனிரை கன்றோடு பெருகுக, உம் குடிகள் உம்மை வாழ்த்தும் வாழ்த்து மெய்யான வாழ்த்தாகவே இருக்க.

உம் தங்கையின் கணவனும் எம் பெருமடு ஏரியின் வாரியனாக இருந்தவனுமாகிய செண்டன் மழவராயன் உம் கோட்டைக்குள் புகுந்தான் என்றும், புலவன் ஒருவன் செய்த சூதினால் தன் உயிருக்குக் கேடு வந்ததென உம்மிடம் முறையிட்டான் என்றும் கேள்வியுற்றோம். அவன் சொன்னது பாதி. மற்றப் பாதியை நீர் அறிய வேண்டும் என்பதற்காகவே, அரசர் ஓலை இத்தனை நீளலாகாது என்று எம் எழுத்தர் தயங்கியும், நடந்ததை நடந்தபடி எழுதுவிக்கிறோம். இதில் எம் பிழையும் வரும். அதையும் மறைக்கவில்லை.

ஏரிகளைக் காத்து மதகுகளைத் திறப்பிக்கும் அதிகாரியை எம் நாட்டார் வாரியன் என்பர். சென்ற கார்காலத்தில் பெருமடுவின் தென்கரை கசிந்தது. மழை நிற்கட்டும், ஈரக்கரை ஆள் தாங்காது என்று கூவற்பாடிக் குடிகள் மன்றாடினர். மழவராயன் கேளாமல் ஆண்களைக் கூடையோடு கரையேற்றினான். கரை சரிந்தது. பதினொரு பேர் சேற்றுக்குள் போயினர். அவர்களைத் தோண்டி எடுக்க ஒரு நாள் விட்டிருந்தாலும் போதும். எமக்கு அஞ்சி, உடைப்பை அடைத்துவிட்டோம் என்று எமக்கு விரைந்து எழுத வேண்டும் என்பதற்காக, அவர்கள் மேலேயே மண் கொட்டச் சொன்னான். ஆண்கள் மறுத்து விலகவே, மூன்றாம் நாள் அவ்வூர்ப் பெண்களைக் காவலர் சூழக் கூட்டி வந்து கூடையைத் தலையில் ஏற்றினான்.

அதற்கு மறுநாள், எல்லாரும் கூழ் குடிக்கக் கரை இறங்கிய நண்பகலில், மதகுக் கல்லில் சுண்ணாம்பால் எழுதிய பாட்டு ஒன்று காணப்பட்டது. மழவராயன் அதைச் சுரண்டி அழிக்கச் செய்தான். அழிக்குமுன் தன் கையாலேயே ஓலையில் பெயர்த்து எழுதிக்கொண்டு, பெண்கள் நாற்பத்தொருவரையும் ஏரிக்கரை நெற்களஞ்சியத்தில் அடைத்து, அரசரை இகழும் பாட்டு ஒன்று இங்கே முளைத்தது, பாடினவளைக் காட்டும் வரை இவர்களை விடலாகாது என்று எமக்கு எழுதினான். யாம் வெகுண்டோம். எம் அடுத்த ஓலை வரும் வரை காவல் தொடர்க என்று இலச்சினை இட்டோம். எம் இலச்சினைதான், வேளே. களஞ்சியத்தின் தாழை அவன் போட்டான். அதைத் திறக்கவொட்டாமல் செய்தவர் யாம்.

எம் பாட்டனார் காலத்து நெறி ஒன்று உண்டு என்பதை நீர் அறிவீர். அரசனையோ அரசன் அதிகாரியையோ குறித்து ஒருவர் பாடினால், பாட்டின் மெய்ப்பாடு அழுகையாயின் பொறுக்க வேண்டும். வெகுளியாயின் பாடினவர் நாவை அறுக்க வேண்டும். ஆகையால் அந்தப் பாட்டின் யாப்பும் எதுகையும் மெய்ப்பாடும் ஆராய்ந்து எழுதுமாறு எம் அவைப்புலவர் ஓரிக்குடி வெண்ணாவரை அனுப்பினோம்.

வெண்ணாவர் வீரர் அல்லர். எம் பிறந்தநாள்தோறும் ஒரு வாழ்த்துப்பா பாடி, பொன்னாடை பெற்று, வீட்டுக்குப் போய் வெந்நீரில் கால் நனைப்பவர். யாரோடும் மாறுபட்டுப் பேசி யாம் கேட்டதில்லை. ஒரு நாளில் பார்த்து எழுதிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றே வண்டி ஏறினார். மழவராயன் அவரை வாயிலுக்கு வந்து எதிர்கொண்டான், நெய்ச்சோறு படைத்தான், தன் மாளிகை மேல்மாடத்தில் ஓர் அறையைக் கொடுத்தான். உள்ளே புகுந்ததும் கதவு வெளியே தாழிடப்பட்ட ஓசை கேட்டது. புலவர் ஓலையோடு ஓடிவிடுவார் என்ற அச்சமோ என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். கதவுக்கு அப்பால் யாரும் சிரிக்கவில்லை.

அறைக்கு ஒரே ஒரு பலகணி. மரக்கம்பிகளுக்கு அப்பால் அந்த நெற்களஞ்சியம். அதற்குப் பலகணியே இல்லை. ஈரநெல்லின் புழுங்கல் நாற்றமும் பெண்களின் இருமலும் காற்றில் வந்தன. காலையில் ஒருமுறை கதவு திறந்து தண்ணீர்க் குடம் உள்ளே போகும்; மாலையில் வெறுங்குடம் வெளியே வரும். இரண்டாம் நாளிலிருந்து வெண்ணாவருக்கு நெய்ச்சோறு இறங்கவில்லை. அவரிடம் இருந்தது மழவராயன் பெயர்த்தெழுதிய ஓலை ஒன்றே. அதில் இருந்த பாட்டு இது:

மண்சுமந்த தோளெல்லாம் மண்ணுக்குள் போனபின்னும்
பெண்சுமக்க வாவென்றான் பேர்கேளான் – கண்துடையான்
ஏரிக் கரையுடைப்பை எம்முடலால் தூர்த்துவிட்ட
வேந்தன் வாழ்க வளர்ந்து.

முதல் வாசிப்பிலேயே அவர் உடல் சிலிர்த்ததாம். பிறகு, தொழில் தொழிலல்லவா, விரற்கணுக்களில் அலகிடத் தொடங்கினார். மண்சுமந்த, தோளெல்லாம், மண்ணுக்குள் என்று ஒவ்வொரு சீரும் அடுத்த சீரின் கையைப் பிடித்து நடந்தது. வெண்பாவின் கட்டு எத்தனை கடியது என்று நீர் இளமையில் கற்றிருப்பீர்: ஒரு சீர் எப்படி முடிகிறதோ அதற்கேற்பவே அடுத்த சீர் தொடங்க வேண்டும், ஓரிடத்தில் தவறினாலும் ஓசை இடறும். மூன்றடியும் இடறவில்லை. மண், பெண், கண் என்று எதுகை மூன்றும் மணிபோல் விழுந்தன. நான்காம் அடியில், வேந்தன் என்று நின்று வாழ்க என்று தொடங்கும் இடத்தில், இல்லாத படியில் கால் வைத்தவர் போல அவர் தடுக்கினார்.

பாடினவள் பிழை என்று முதலில் எண்ணினார். மறுபடி பார்த்தார். மூன்றாம் அடி ஏரி என்று தொடங்குகிறது. அதற்கு எதுகையாக நான்காம் அடி தொடங்க வேண்டும்; வேந்தன் என்பது ஏரிக்கு எந்த வகையிலும் எதுகை ஆகாது. மோனை மட்டும் இருக்கிறது: வேந்தன், வாழ்க, வளர்ந்து. முதலெழுத்து ஒத்துவிட்டால் பாட்டாகிவிடும் என்று நம்பும் அரைகுறைக் காது ஒன்று இங்கே கை வைத்திருக்கிறது. பதினைந்து சீரில் பதினான்கைப் பிழையின்றிக் கட்டினவள், எல்லாரும் உற்றுக் கேட்கும் கடைசி அடியின் முதற்சொல்லிலா தவறுவாள்? அப்படியானால் அங்கே இருந்த சொல் எது? ஏரிக்கு எதுகையாக வேண்டும். வகரத்தில் தொடங்க வேண்டும். வாழ்க என்பதற்கு முன் இடறாமல் நிற்க வேண்டும். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாவை மேலண்ணத்தில் ஒட்டவைத்தபடியே உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். சொல் பொருந்தியது. அந்தச் சொல் குறிக்கும் மனிதனின் வீட்டில்தான் அவர் பூட்டப்பட்டிருந்தார்.

அன்று முழுதும் அவர் பாயிலேயே கிடந்தார். உண்மையை எழுதினால் அந்த ஓலை மாளிகை வாயிலைத் தாண்டாது, தாமும் தாண்டமாட்டார். எழுதாவிட்டால் பெண்கள் அரசத்துரோகிகள். ஒவ்வொரு காலையும் மழவராயன் வந்து முடிந்ததா என்று வினவினான். நான்காம் நாள் அவன் சொன்னதைப் புலவர் வாய்மொழியாகவே கேட்டோம்:

"புலவரே, பாட்டுல வெகுளி இருக்கா இல்லையா, ஓட்டை இருக்கா இல்லையா, அத மட்டும் எழுதும். அதுக்கு மேல யோசிக்கிறது உம்ம வேலையில்ல."

ஓசையைக் காதால் கேளாமல் மெய்ப்பாடு துணிய இயலாது, பாடத் தெரிந்த ஒருத்தியை அழைப்பியுங்கள் என்று வெண்ணாவர் கேட்டார். பாடினவள் தானே வெளிப்படுவாள் என்ற ஆசையில் மழவராயன் இசைந்தான். ஆனால் தானும் உடன் அமர்ந்தான். களஞ்சியத்து வாயிலில் நின்று கேட்டபோது, ஒருத்தி தயங்காமல் எழுந்து வந்தாள். அவள் பெயர் கொற்றி. பாடசாலை மதிலை ஒட்டிய கொட்டிலில் நெல் குற்றுபவள். உள்ளே பிள்ளைகள் ஓத, வெளியே உலக்கை போட்டுக்கொண்டே பதினைந்து ஆண்டுகள் கேட்டவள்; எழுத்தையும் மதில் விரிசல் வழியே பார்த்துப் பழகியவள். அவள் கணவன் வேட்டன் அந்தப் பதினொருவரில் ஒருவன்.

"ஓசைதானே கேக்குறீங்க? கேட்டுக்குங்க" என்று சொல்லி, தொண்டை கட்டியிருந்தும் மூன்றடியைப் பாடினாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"நான்காம் அடி?" என்றார் வெண்ணாவர்.

கொற்றி மழவராயனைத் திரும்பிப் பார்த்தாள். "அத இவரையே கேளுங்கய்யா. என்னைவிட இவருக்குத்தான் அது நல்லா மனப்பாடம்."

மழவராயன் எழுந்துவிட்டான். இவள்தான் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. காவலர் அவளைக் களஞ்சியத்துக்கே திருப்பி இழுத்தபோது, அவள் வாயிற்படியில் காலை ஊன்றிக்கொண்டு புலவரிடம் சொன்னாள்: "அய்யா, அழுதுகிட்டுப் பாடுனேன்னு மட்டும் எழுதிப்புடாதீங்க. அழுது முடிச்ச பெறகுதான் பாடுனேன்."

வேளே, அதற்குமுன் வெண்ணாவர் ஒரு முடிவில் இருந்தார். மெய்ப்பாடு அழுகை என்று எழுதிவிடுவது, கண், துடைத்தல் என்ற சொற்களைச் சான்று காட்டுவது, பெண்கள் ஒரு கடிந்துரையோடு வீடு திரும்புவர், தாமும் திரும்பலாம். அப்படி ஓர் ஏடு எழுதியும் வைத்திருந்தார். அவள் போனபின் அதை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க அது அவருக்கே நாணமாயிற்று. இந்தப் பாட்டில் கண்ணீர் இல்லை. கண்துடையான் என்றால் கண்ணைத் துடைக்க வராதவன் என்று குற்றம் சாட்டுவது. தன் கண்ணைக் காட்டுவது அன்று. குடியை நலிப்பதைக் கண்டு பிறக்கும் வெகுளி இது. கத்தாமல், வாழ்த்தின் ஆடையைப் போர்த்துக்கொண்டு வரும் வெகுளி. வாழ்க வளர்ந்து என்று முடிக்கும்போது அவள் பல்லைக் கடிப்பது காதில் கேட்கிறது. அழுகை என்று எழுதினால் நாற்பத்தொருவரும் பிழைப்பர். மறுநாளே அதே வாரியன் கையால் அதே கூடையை வாங்குவர். வேந்தன் என்ற பொய்ச்சொல் அவள் பாட்டாகவே என்றும் நிற்கும். வெகுளி என்று எழுதினால் மழவராயன் மகிழ்ந்து ஓலையை அன்றே அனுப்புவான். ஆனால் அதற்கு ஈடாக வைக்கப்படுவது புலவர் நா அன்று, கொற்றியின் நா. அரசர் இலக்கணம் அறிவார் என்ற ஒரே நம்பிக்கையில் இன்னொருத்தியின் நாவைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை என்று அவர் இரண்டு நாள் எழுத்தாணியைத் தொடவில்லை. அந்த இரண்டு நாளும் இருமல் நிற்கவில்லை என்று எம்மிடம் சொன்னார். ஒரு குரல் மட்டும் மெலிந்துகொண்டே போனதாம்.

ஆறாம் நாள் அவர் எழுதியது இவ்வளவே: "பா நேரிசை வெண்பா. சீர் பதினைந்து. தளை பதினான்கில் பதின்மூன்று வெண்டளை. நான்காம் அடியின் முதலிரு சீருக்கு நடுவே ஒன்று தட்டுகிறது. மூன்றாம் அடியோடு நான்காம் அடிக்கு எதுகை இல்லை, மோனை உண்டு. மற்றெல்லாம் பழுதற்றது. மெய்ப்பாடு வெகுளி, அழுகை அன்று. அரசர் ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பார்க்க."

மழவராயன் அதைத் தன் எழுத்தனைக் கொண்டு இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டான். எவர் பெயரும் இல்லை. எவர் மேலும் குற்றம் இல்லை. பாட்டில் ஓட்டை என்றும் வெகுளி என்றும் இருக்கிறது. வேண்டியது கிடைத்ததென முத்திரையிட்டு அனுப்பினான். புலவரை மட்டும் அனுப்பவில்லை.

இனி எம் பிழை. ஓலையும் அதனோடு பாட்டின் பெயர்ப்பும் வந்ததும் படித்தோம். கலகம் செய்பவளுக்கு வெண்பாக்கூட நேராக வரவில்லை என்று அவையில் சொல்லி நகைத்தோம். அவையும் நகைத்தது. வாய்விட்டுப் பாடிப் பார்க்க என்ற கடைசி வரியைப் புலவர்களின் வழக்கமான நயவுரை என்று தள்ளிவிட்டு, ஓலையைக் கட்டிலருகே வைத்தோம். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலை தோட்டத்தில் உலவும்போது எம் வாய் தானாகவே அந்தப் பாட்டை முணுமுணுத்தது. நல்ல பாட்டு அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். நான்காம் அடியில் எம் நா இடறியது. மறுபடி பாடினோம், மறுபடி அதே இடத்தில் இடறியது. ஏரிக்கு எதுகை எது என்று விளையாட்டாகத் தேடினோம். மாரி. ஏரிக்குப் பொருந்தும், வாழ்கவுக்கு முன் நிற்காது. வாரி. வாரியன்.

ஏரிக் கரையுடைப்பை எம்முடலால் தூர்த்துவிட்ட வாரியன் வாழ்க வளர்ந்து.

எண்ணிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. அன்று மாலைக்குள் எம் குதிரைவீரர் பெருமடு சேர்ந்தனர். எம் அரண்மனையிலிருந்து யார் அவனுக்கு முன்செய்தி கொடுத்தார் என்பதைத் தனியே ஆராய்ந்து வருகிறோம். மழவராயன் போயிருந்தான், களஞ்சியத்துத் திறவுகோலும் அவனோடு போயிருந்தது. கதவை உடைத்தனர். நாற்பத்தொருவர் புகுந்த இடத்திலிருந்து நாற்பதின்மர் நடந்து வந்தனர். எயினி என்பவள் காய்ச்சலில் முந்தின நாள் இறந்திருந்தாள். முந்தின நாள், அந்த ஓலை எம் கட்டிலருகே கிடந்தது. மேல்மாடத்துக் கதவை உடைத்தபோது வெண்ணாவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாராம்; வீரரைக் கண்டும் வெளியே வராமல், யார் ஆணை என்று மூன்று முறை கேட்டாராம்.

தென்கரையைத் தோண்டினோம். பதினொருவரையும் எடுத்து அவரவர் உற்றார் கையில் ஒப்புவித்தோம்.

பின்பு கொற்றி எம் அவைக்கு வந்தாள். பாட்டில் எம்மைச் சொல்லவில்லை என்று அறிந்தோம், உன்னைப் பொறுத்தோம் என்றோம்.

"பொறுக்குறதுக்கு நான் என்ன பொய்யாங்கய்யா சொன்னேன்?" என்றாள் அவள். "வாரியன் யாருக்குப் பயந்து மண்ணக் கொட்டச் சொன்னாரு? அதையும் சேத்துப் பாட வெண்பாவுல எடம் பத்தல."

அமைச்சர் எழுந்து, நெறி அதிகாரியையும் காக்கிறது, மெய்ப்பாடு வெகுளி என்று புலவர் எழுதியிருக்கிறார், நெறிப்படி நா அறுக்கப்பட வேண்டும் என்று நினைவூட்டினார். எம் முன்னோர் பின்னிய வலையில் யாமே நின்றோம். வெண்ணாவரை அழைத்து, அழுகை என்று ஒரு சொல்லை மாற்றி எழுதித் தந்தால் எல்லாம் முடியும் என்றோம். ஆணையாக அன்று, இரப்பது போலவே கேட்டோம்.

எம் முன் ஒருநாளும் குரல் உயர்த்தாத அந்த மனிதர் சொன்னார்: "அரசே, ஒரு பாட்டில் ஒரு சொல்லை மாற்றினான் என்றுதானே மழவராயனைத் தேடுகிறீர்கள்? அதையே நான் செய்தால் என்னை எங்கே தேடுவீர்கள்? பாட்டை மாற்ற எனக்கு உரிமை இல்லை. நெறியை மாற்ற உங்களுக்கு உண்டு."

பிறகு பாட்டனார் பொறித்த செப்பேட்டைக் கொணர்வித்து, அவை காண அந்த வரியை உளியால் சிதைத்தோம். செம்பு எளிதில் இசையவில்லை. தட்டானுக்குக் கால்நாள் ஆயிற்று. எவரும் இருக்கை விட்டு எழவில்லை.

ஆகவே, வேளே, இவ்வோலை கண்டதும் நீர் செய்யத் தக்கது: செண்டன் மழவராயனை உயிரோடும் ஊறின்றியும் எம் வீரர் கையில் ஒப்புவிக்க. அவன் நாவுக்கோ உறுப்புக்கோ கேடு செய்யோம்; பெருமடுக் கரையில், ஊரார் நடுவில், அவன் சொல்லையும் கேட்டே முறை செய்வோம். உம் தங்கைக்கு இதில் குற்றம் இல்லை. அவர் எங்கே இருக்க விரும்பினும் அங்கே எம் காவல் உண்டு. நா அறுக்கும் நெறி உம் நாட்டில் எந்த ஏட்டில் எழுதியிருப்பினும் இன்றோடு அழிக.

ஒன்று மட்டும் முன்னதாகவே அறிவிக்கிறோம். இவ்வோலையோடு படை வரவில்லை. குதிரைவீரர் அறுவரே வருகின்றனர். அவர்களுக்குப் பின்னே களஞ்சியத்திலிருந்து வந்த பெண்கள் நாற்பதின்மரும் நடந்து வருகிறார்கள். வேண்டாம் என்றோம், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். உம் கோட்டை வாயிலில் அவர்கள் அமர்வார்கள். எத்தனை நாளானாலும் அமர்வார்கள். அவர்களை எழுப்பும் ஆணையை எம் வாய் இனிச் சொல்லாது. நீர் சொல்வீராயின் அது உம் பெயரோடு நிற்கும்.

எழுதினேன் திருமுக எழுத்தன் ஆலங்காடன். ஏழாற்று இலச்சினை இட்டது. இதில் ஒரு சொல்லும் பெயர்த்தெழுதுவோர் கையால் மாறாதிருக்க, அரசர் தாமே வாய்விட்டுப் படித்து ஒப்பினார்.